மூச்சுக்காற்று எங்கே போகிறது?

மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவர் ஒருவர்



ஒரு சிறிய கேள்வியுடன் இக்கட்டுரையைத் தொடங்க விரும்புகிறேன். நாம் ஒவ்வொருவரும் இரவு பகல் பாராமல் மூச்சை இழுத்து விடுகிறோம். அவ்வாறு உள்ளே செல்லும் ஆக்ஸிஜன் நம் உயிரணுக்களுக்குள் சென்று என்னவாக மாறுகிறது? விடையை மனத்திற்குள் சொல்லிக்கொள்ள வேண்டாம். அருகில் ஒரு தாள் இருந்தால் அதில் எழுதி வையுங்கள். சற்று நேரம் கழித்து அதை எடுத்துப் பார்க்கலாம்.

இந்தக் கேள்வியை நான் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. இதற்குத் தவறான விடை எழுதியவர்களுள் நானும் ஒருவன்.

தேர்வெழுதாமல் தேறியவன்

நான் பத்தாம் வகுப்பைத் தேர்வு எழுதாமலே தேறியவன். 2020–21ஆம் கல்வியாண்டில் கொரோனாத் தொற்றின் காரணமாகத் தமிழகத்தில் 9, 10, 11ஆம் வகுப்பு மாணவர் அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டனர். ‘ஆல் பாஸ்’ என்று ஊர் எங்களைக் கேலி செய்தது. அந்த ஆண்டு எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கைப்பேசி. அதுவும் கப்பலூர்த் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும். அவர் இரவு வீடு திரும்பிய பிறகுதான் பகலில் நடந்த பாடத்தை நான் பார்ப்பேன். பார்த்தேன் என்றுதான் சொல்கிறேன். படித்தேன் என்று சொல்லவில்லை. திரையில் ஓடியது கண்ணில் ஓடியதே தவிர, மனத்தில் நிற்கவில்லை. அதன் பலனைக் கல்லூரிக்கு வந்த முதலாண்டிலேயே அனுபவித்தேன். உயிரணுவியல் தாளில் தோற்றேன். மறுமுறை எழுதித்தான் தேறினேன்.

இவ்வாண்டு எங்கள் பேராசிரியர் ஒருவர் என்னை அழைத்தார். “முதலாண்டில் பன்னிரண்டு பேருக்கு உயிரணுச் சுவாசம் பிடிபடவே இல்லை. கணிப்பொறி அறையை மாலையில் ஒரு மணி நேரம் திறந்துவிடச் சொல்கிறேன். இணையத்தில் நல்ல பாடங்கள் இருக்கின்றன. நீ கூட இருந்து சொல்லிக்கொடு” என்றார்.

“சார், நானே அந்தத் தாளில் தோற்றவன்” என்றேன்.

“அதனால்தான் உன்னைக் கூப்பிட்டேன். எந்த இடத்தில் கால் வழுக்கும் என்பது விழுந்தவனுக்குத்தானே தெரியும்?” என்றார்.

முதல் நாள் மாலை

நாங்கள் எடுத்துக்கொண்டது வெறுமனே பார்க்கும் படம் அன்று. மாணவரே பொத்தானை அழுத்தி, குளுக்கோஸை உள்ளே அனுப்பி, ஆக்ஸிஜனைக் கூட்டிக் குறைத்து, நடப்பதைக் காணக்கூடிய பாடம். திரையில் வண்ண உருண்டைகள் ஓடின, சக்கரங்கள் சுழன்றன. மாணவர் மகிழ்ந்தனர். இறுதியில் வந்த பத்து வினாக்களில் எல்லோரும் எட்டுக்கு மேல் வாங்கினர். நான் பெரிய ஆசிரியனாகிவிட்டேன் என்றே எண்ணிக்கொண்டேன்.

எழுந்து போகும்முன், மேலே உங்களிடம் கேட்ட அதே கேள்வியை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். பன்னிரண்டு பேரில் பத்துப் பேர், ‘ஆக்ஸிஜன் கரியமில வாயுவாக மாறி வெளியே வருகிறது’ என்று எழுதியிருந்தனர். ஒருவர் தாளை வெறுமையாகக் கொடுத்திருந்தார். இன்னொருவர், மேட்ரிக்ஸ் என்பது கணக்குப் பாடத்தில் வருவதுதானே, அது உயிரணுவுக்குள் எப்படி வந்தது என்று என்னிடமே திருப்பிக் கேட்டிருந்தார்.

வெறுமையாகத் தாளைக் கொடுத்தவர் ஒரு மாணவி. தமிழ்வழியில் படித்தவர். “அண்ணே, எனக்கு சயின்ஸ் வராதுண்ணே. இந்த செமஸ்டரோட நின்னுக்கலாம்னு இருக்கேன்” என்றார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பத்து வினாக்களில் ஒன்பது சரியாகச் சொன்ன பெண் அவர். அப்படியானால் அந்த ஒன்பதும் எதை அளந்தன?

உயிரணுவில் நடப்பது என்ன?

இனி அந்தப் பாடத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். உணவிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸில் ஆற்றல் அடங்கியிருக்கிறது. 180 கிராம் குளுக்கோஸ் முழுவதுமாக ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் 686 கிலோ கலோரி வெளிப்படும். அதை ஒரே மூச்சில் எரித்தால் உயிரணு தாங்காது. ஆகவே உயிரணு அதைச் சிறுகச் சிறுக எரித்து, ஏ.டி.பி. எனப்படும் அடினோசின் ட்ரைபாஸ்பேட் என்னும் சில்லறையாக மாற்றிக்கொள்கிறது. நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் நகரப் பேருந்து நடத்துனர் முகம் சுளிப்பார். சில்லறை கொடுத்தால் உடனே சீட்டுக் கிடைக்கும். தசை சுருங்கவும் நரம்பு செயல்படவும் உயிரணு கேட்பது சில்லறையைத்தான்.

இம்மாற்றம் மூன்று கட்டங்களில் நிகழ்கிறது.

முதற்கட்டம் கிளைக்காலிசிஸ். இது உயிரணுவின் சைட்டோபிளாசத்தில் நடைபெறுகிறது. ஆறு கார்பன் கொண்ட ஒரு குளுக்கோஸ், மூன்று கார்பன் கொண்ட இரண்டு பைருவேட்டாகப் பிளக்கிறது. இதில் நான்கு ஏ.டி.பி. கிடைக்கிறது; ஆனால் தொடக்கத்திலேயே இரண்டைச் செலவழிக்க வேண்டும். முதலில் கட்டணம் செலுத்தினால்தான் பயணம் என்பதைக் கப்பலூர்ச் சுங்கச்சாவடிக்கு அருகில் படிக்கும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை! நிகர வரவு இரண்டே. இக்கட்டத்திற்கு ஆக்ஸிஜன் தேவையில்லை.

இரண்டாம் கட்டம் மைட்டோகாண்டிரியாவின் உள்ளறையில் நிகழ்கிறது. இந்த உள்ளறைக்குத்தான் மேட்ரிக்ஸ் என்று பெயர். கணக்குப் பாடத்து மேட்ரிக்ஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பைருவேட் அசெட்டைல் கோ–ஏ ஆகி, சிட்ரிக் அமிலச் சுழற்சியில் நுழைகிறது. இச்சுழற்சியை 1937இல் விளக்கிய ஹான்ஸ் கிரெப்ஸ் 1953இல் நோபல் பரிசு பெற்றார். நாம் வெளிவிடும் கரியமில வாயு பிறக்கும் இடம் இதுதான். நண்பர்களே, இங்கே சற்று நின்று கவனியுங்கள். கரியமில வாயு வெளியேறிவிட்டது. ஆனால் நாம் மூச்சில் இழுத்த ஆக்ஸிஜன் இன்னும் மேடைக்கே வரவில்லை!

மூன்றாம் கட்டத்தில்தான் அது வருகிறது. முதலிரு கட்டங்களில் குளுக்கோஸிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட எலெக்ட்ரான்கள், மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வில் அமைந்த புரதங்களின் வழியே கைமாறிக் கைமாறிச் செல்கின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றலால் ஹைட்ரஜன் அயனிகள் சவ்வுக்கு வெளியே தள்ளப்பட்டுத் தேங்குகின்றன. கைமாறி வந்த எலெக்ட்ரான்களைக் கடைசியில் ஏற்றுக்கொள்வது ஆக்ஸிஜன். அது ஹைட்ரஜன் அயனிகளுடன் சேர்ந்து நீராக மாறுகிறது.

ஆம், விடை நீர்தான்! உங்கள் தாளை இப்போது எடுத்துப் பார்க்கலாம். தவறாக இருந்தால் வருந்த வேண்டாம். நாம் பெரிய கூட்டமாகத்தான் இருக்கிறோம்.

பெரியாற்று நீரும் ஏ.டி.பி. சுழலியும்

தேங்கிய ஹைட்ரஜன் அயனிகள் என்ன ஆகின்றன? முல்லைப் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து, இரும்புக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப் மின் நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. அதன் பிறகே வைகையை அடைந்து, திருமங்கலம் பிரதானக் கால்வாய் வரை வந்து நம் பக்கத்து வயல்களை நனைக்கிறது. உயிரணுவிலும் ஏறக்குறைய இதுவே நிகழ்கிறது. சவ்வுதான் அணை, ஹைட்ரஜன் அயனிகள் தேங்கிய நீர், ஏ.டி.பி. சிந்தேஸ் என்னும் நொதி சுழலி. அயனிகள் அதன் வழியே உள்ளே பாயும்போது அது உண்மையிலேயே சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. உருவாகின்றன.

இந்தக் கருத்தைப் பீட்டர் மிட்செல் 1961இல் வெளியிட்டபோது அறிஞர் பலர் ஏற்கவில்லை. 1978இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுழலி இயங்கும் முறையை விளக்கிய பால் பாயரும் ஜான் வாக்கரும் 1997இல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஒரு குளுக்கோஸுக்கு 36 அல்லது 38 ஏ.டி.பி. என்று பழைய நூல்கள் கூறும். இன்றைய கணக்கு ஏறத்தாழ 30 முதல் 32 வரை. ஒரு மோல் ஏ.டி.பி.க்கு 7.3 கிலோ கலோரி என்று கணக்கிட்டால், குளுக்கோஸின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கே சில்லறையாகிறது. மீதி வெப்பமாகிறது. இந்த வெப்பத்தை நினைவில் வையுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அணையை மழை நிரப்புகிறது. உயிரணுவில் எலெக்ட்ரான்களின் ஓட்டம் நிரப்புகிறது. உவமை எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், உவமையே புதிய தவறுக்கு விதையாகிவிடும்.

முதலில் ஊகம், பிறகு பொத்தான்

இரண்டாம் வாரம் முறையை மாற்றினேன். ஒரே விதி: பொத்தானை அழுத்தும்முன், என்ன நடக்கும் என்பதையும் ஏன் நடக்கும் என்பதையும் தாளில் தமிழில் எழுத வேண்டும். எழுதாத கை சுட்டியைத் தொடக்கூடாது.

“ஆக்ஸிஜனை நிறுத்தினால்?” என்று கேட்டேன். ‘கடைசிப் படி மட்டும் நிற்கும்’ என்று பெரும்பாலோர் எழுதினர். அழுத்தினார்கள். எலெக்ட்ரான் தொடர் முழுவதும் நின்றது. சிட்ரிக் அமிலச் சுழற்சியும் நின்றது. “ஏன் அண்ணே எல்லாமே நின்னுருச்சு?” என்று அவர்களாகவே கேட்டனர். பேருந்து கடைசி நிறுத்தத்தில் ஆட்களை இறக்கிவிட்டால்தான் திரும்பி வந்து வேறு ஆட்களை ஏற்ற முடியும். இறங்க இடமில்லாவிட்டால் வழி நெடுக வரிசை நிற்கும். முதல் வாரம் இதே பொத்தானை அவர்கள் பலமுறை அழுத்தியிருக்கிறார்கள். ஆனால் ஒருவரும் இக்கேள்வியைக் கேட்கவில்லை. ஊகம் பொய்த்தவனுக்குத்தான் ‘ஏன்’ என்று கேட்கத் தோன்றுகிறது.

அடுத்து, “சவ்வில் ஓட்டை விழுந்தால்?” என்று கேட்டேன். அணையில் ஓட்டை விழுந்தால் நீர் போகும், சுழலி சுற்றாது என்று ஒருவர் எழுதினார். மிகச் சரி. ஏ.டி.பி. உருவாகாது, ஆற்றல் முழுவதும் வெப்பமாகிவிடும். பச்சிளங்குழந்தையின் பழுப்புக் கொழுப்பில் இயற்கையே இத்தகைய வழியைத் திறந்து வைத்துக் குழந்தையைக் குளிரிலிருந்து காக்கிறது என்று சொன்னபோது, அறையில் சற்று நேரம் பேச்சே இல்லை.

திரை காட்டாத பாடம்

“உயிரணுச் சுவாசத்தில் வெப்பம் வரும்னு சொல்றீங்க, கண்ணால பாக்கணும் அண்ணே” என்றார் ஒரு மாணவர். மல்லிகை பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொருவர், பறித்த மொட்டுகளைச் சாக்கில் அடைத்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் கொண்டுபோகும்போது உள்ளே கைவிட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் என்றார். பறித்த பின்னும் மொட்டு சுவாசிக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

திரையில் இச்சோதனை இருந்தது. இரண்டு வெப்பக் குடுவைகள். ஒன்றில் முளைப்பயறு, மற்றொன்றில் வேகவைத்த பயறு. முளைப்பயறு சூடேறும்; வெந்த பயறு அப்படியே இருக்கும். நாங்களும் இரண்டு பிளாஸ்குகளில் பச்சைப்பயற்றைப் போட்டு, பஞ்சால் அடைத்து, வெப்பமானியைச் செருகி வைத்தோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் முளைப்பயறு 36 பாகை. நல்லது. ஆனால் வெந்த பயறும் 33 பாகை! அறையின் வெப்பம் 30 பாகைதான். செத்த பயறு எப்படிச் சூடேறும்? எனக்கு வியர்த்துவிட்டது. சோதனை கெட்டுவிட்டது, கொட்டிவிடலாம் என்றேன்.

அப்போதுதான் வெறுமையாகத் தாள் கொடுத்த அந்த மாணவி பஞ்சை எடுத்து முகர்ந்தார். அவருடைய தாயார் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்பவர். “அண்ணே, இது மாவு பொங்குற வாடைண்ணே. பயறு செத்துருச்சு. ஆனா உள்ள வேற ஏதோ உசுரோட இருக்கு. அதுவும் மூச்சு விடுதுண்ணே” என்றார்.

அவர் சொன்னதே உண்மை. வெந்த பயற்றில் நுண்ணுயிர்கள் குடியேறி, அதைத் தின்று, தம் வெப்பத்தை வெளியிட்டிருந்தன. இட்லி மாவைப் பொங்கச் செய்வதும் லூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் வெளிவிடும் கரியமில வாயுதான். அடுத்த முறை குடுவைகளைக் கிருமிநாசினியால் கழுவி, பயற்றையும் அதில் அலசிப் போட்டோம். முளைப்பயறு 35 பாகை. வெந்த பயறு 30 பாகை. திரையில் வரும் வெந்த பயறு என்றுமே கெட்டுப்போவதில்லை. அதனால் அது இந்தப் பாடத்தை என்றுமே சொல்லித் தரப்போவதும் இல்லை.

மூன்று முறை எழுதியவர்

ஏ.டி.பி.யைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் சென்னையில் படித்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும், அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் பிஸ்கேயும் எல்லாப்பிரகடா சுப்பாராவும் தனித்தனியே இப்பொருளைக் கண்டறிந்தனர். 1895இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதில் அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார். 1925இல் அவரும் பிஸ்கேயும் வகுத்த பாஸ்பரஸ் அளவிடும் முறை, ‘பிஸ்கே–சுப்பாராவ் முறை’ என்ற பெயரில் இன்றும் உயிர்வேதியியல் செய்முறை நூல்களில் உள்ளது.

இதை அந்த மாணவியிடம் சொன்னேன். “மூணு தடவை எழுதினாரா?” என்று மட்டும் கேட்டார்.

நாம் செய்யக்கூடியவை

இணையவழிக் கல்வியை நான் குறை கூறவில்லை. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., 2017இல் தொடங்கப்பெற்ற ‘ஸ்வயம்’, அமிர்தா பல்கலைக்கழகமும் சி–டாக் நிறுவனமும் உருவாக்கிய ‘ஓலேப்ஸ்’ ஆகியவை, ஆய்வுக்கூட வசதி குறைந்த இடத்திலிருப்பவருக்கும் பெருங்கதவைத் திறந்துள்ளன. பட்டப்படிப்பின் ஒரு பருவத்தில் 40 விழுக்காடு வரையிலான பாடங்களை ஸ்வயம் வழியே பயிலலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கூறுகிறது. கரும்பலகையில் சுழலாத சக்கரம் திரையில் சுழல்கிறது. அது பெரும் பேறே.

ஆனால் மூன்று செய்திகளை என் சிறிய அனுபவத்திலிருந்து பணிவுடன் கூறுவேன். முதலாவது, ஊகத்தை எழுதாமல் பொத்தானைத் தொடாதீர்கள். இரண்டாவது, திரையில் கண்டதை ஒருமுறையேனும் கையால் செய்து பாருங்கள். ஒரு பிளாஸ்கும் ஒரு பிடிப் பயறும் போதும். மூன்றாவது, பாடம் ஆங்கிலத்தில் இருந்தால் அதன் சொற்களுக்கு ஒரு பக்கத் தமிழ் விளக்கத்தை நாமே எழுதி வைப்போம். நாங்கள் பன்னிரண்டு பேரும் சேர்ந்து எழுதிய அத்தாள் இப்போது எங்கள் துறைச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. அதில் மேட்ரிக்ஸுக்கு நேரே, ‘கணக்கு அல்ல’ என்று யாரோ சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கடைசி நாளில் அதே கேள்வியை மீண்டும் கொடுத்தேன். பதினோரு பேர் ‘நீர்’ என்று எழுதினர். ஒருவர் இன்னும் கரியமில வாயுவையே விட மறுக்கிறார். அவருக்காக அடுத்த வாரமும் கூடுகிறோம். முன்பு வெறுமையாகத் தாள் தந்த மாணவி இம்முறை இரண்டு பக்கம் எழுதியிருந்தார். பருவத் தேர்வுக்குக் கட்டணமும் கட்டிவிட்டார். வரும் ஆண்டில் நான் இக்கல்லூரியை விட்டுச் சென்ற பின், முதலாண்டு மாணவருக்கு மாலை வகுப்பு எடுக்கப்போவது யார் என்று பேராசிரியர் கேட்டபோது, அவரே கை தூக்கினார்.